நாய் கொடுத்த இறப்புச் சான்றிதழ்

கல்வராயன் மலையின் முதல் இறப்புப் பதிவைச் செய்தவை நாய்கள்.

மலையாளிப் பழங்குடி மக்களின் பூர்வீகம் பற்றிய கதைகளில் ஒன்று, வெள்ளைக்காரர்கள் தொகுத்த ஏடுகளிலும் ஏறியிருக்கிறது. காஞ்சிபுரத்தில் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள். நாய்களோடு வேட்டைக்குப் போனார்கள். நாய்கள் மட்டும் வீடு திரும்பின. நாய் வந்துவிட்டது, ஆளைக் காணோம், ஆகவே ஆள் காலி என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மனைவிமார் மூவரும் தீயில் உயிரை விட்டார்கள். அதற்கப்புறம் சகோதரர்கள் மூவரும் குத்துக்கல்லாட்டம் வந்து நின்றார்கள். பிறகென்ன, வேறு கல்யாணம். பெரியவர் கல்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், கடைக்குட்டி கொல்லிமலைக்கும் குடிபோனார்கள்.

கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கணக்கை மட்டும் பாருங்கள். பதிவான மரணம் மூன்று, மூன்றும் பொய். நிஜமாக நடந்த மரணம் மூன்று, மூன்றும் பெண்கள், ஒன்றுகூடப் பதிவாகவில்லை. தகவல் கொடுத்தவர்: நாய். இறந்தவருக்கு என்ன உறவு: வளர்ப்பு. இதற்குப் பிறகு சர்க்கார், சட்டம், கம்ப்யூட்டர் எல்லாம் வந்தன. பதிவேட்டின் குணம் மட்டும் அப்போதே முடிவாகிவிட்டது. யார் எதனால் செத்தார்கள் என்பதைவிட, எழுதுகிறவருக்கு எதை எழுதினால் தொல்லையில்லை என்பதற்கே அதில் இடம் அதிகம்.

இத்தனைக்கும் சித்திரகுப்தனுக்குத் தனிக் கோயில் உள்ள ஊர் காஞ்சிபுரம். அண்ணன் தம்பிகள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது சாமியைத் தூக்கி வந்தார்கள், கணக்குப்பிள்ளையை விட்டுவிட்டு வந்தார்கள்.

நம்மூர்தான் இப்படி என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். பிளேக்குக்குப் பயந்து லண்டனில் வாராவாரம் சாவுப் பட்டியல் போட்டார்கள். பிணத்தைப் பார்த்துக் காரணம் சொல்லும் உத்தியோகம் ஏழைக் கிழவிகளுக்கு. 1632-ம் ஆண்டுப் பட்டியலில் பல்லால் செத்தவர்கள் 470 பேர் (பல் முளைக்கும் வயதுக் குழந்தைகள் என்று அர்த்தம்), துக்கத்தால் 11 பேர், ‘திடீரென்று’ 62 பேர், கிரகத்தால் 13 பேர். ஏழரைச் சனி தேம்ஸ் நதிக்கரை வரை போயிருக்கிறது. இந்தப் பட்டியல்களையெல்லாம் குவித்துவைத்துக்கொண்டு 1662-ல் புத்தகம் போட்ட ஜான் கிரான்ட் டாக்டரும் இல்லை, பண்டிதரும் இல்லை. ஊசி, நூல், பித்தான் வியாபாரி. கடைக்காரர் என்பதால் ஐந்தொகை சரியாக வருகிறதா என்று பார்த்திருக்கிறார். ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிறக்கின்றன என்று உலகத்துக்கு எண்ணிச் சொன்னவர் அவர்தான். மேகநோயில் செத்தவர்கள் பட்டியலில் ஏன் தட்டுப்படவில்லை என்பதையும் கண்டுபிடித்தார். கிழவிகளுக்கு ஒரு குவளை பீரும் கொஞ்சம் காசும் கொடுத்தால் காரணம் மாறிவிடும். உலகப் பொதுச் சுகாதாரப் புள்ளியியல் இந்தப் பீர்க் குவளையில்தான் பிறந்தது.

சென்னை மாகாணத்தில் பீர் இல்லை, கிராம முனுசீப்பு இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறப்பு இறப்புக் கணக்கு இங்கே ஆரம்பித்தபோது அந்த வேலை ஏற்கெனவே வரி வசூலில் மூழ்கியிருந்த அவர் தலையில் விழுந்தது. 1899-ல் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. சாவைக் கொண்டுவந்து சொல்வது வெட்டியான் அல்லது தலையாரி. காரணத்துக்கு ஆறே கட்டங்கள்: வாந்திபேதி, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், மற்றவை. மனிதன் சாவதற்கு ஆறு வழிதான் என்று இங்கிலீஷ்காரன் தீர்மானித்துவிட்டான். தென்னார்க்காடு ஜில்லா கள்ளக்குறிச்சித் தாலுகாவில், ஏதோ ஒரு திண்ணையில், அது இப்படித்தான் நடந்திருக்கும்.

“யாருடா?”

“தெக்குத் தெரு மண்ணாங்கட்டிங்க சாமி.”

“என்னத்துல போனான்?”

“நாலு நாளா ஒடம்பு அனலாக் கொதிச்சுதுங்க.”

“காய்ச்சல்.”

“அதுக்கு முந்தின நாளு வரப்புத் தகராறுல மண்டையில ஒரு அடி...”

முனுசீப்பு பேனாவைக் கீழே வைத்தார். அடி என்று எழுதினால் காயம். காயம் என்றால் போலீஸ். போலீஸ் வந்தால் பிணத்தை அறுக்க வண்டி கட்ட வேண்டும், வந்தவர்களுக்கு இலை போட வேண்டும், அடித்தவன் யார் என்று பார்த்தால் தன் சொந்தப் பங்காளியாக இருப்பான்.

“அடிபட்டா காய்ச்சல் வரும்ல?”

“வருங்க சாமி.”

“அதான்.”

இந்தியா முழுக்க இந்தக் காய்ச்சல் கட்டம்தான் வருஷா வருஷம் கனத்துக் கிடந்தது. நிமோனியா, டைபாய்டு, காசநோய், பிரசவத்துக்குப் பின் ஜன்னி எல்லாவற்றுக்கும் அதுவே சத்திரம். அம்மைக் கட்டத்தில் வேறு சிக்கல். முத்துப் போட்டவனை மாரியாத்தா அழைத்துக்கொண்டாள் என்பது வீட்டார் வாக்குமூலம். ஆத்தா மேல் எந்த முனுசீப்பு கேஸ் எழுதுவான்?

இந்தத் திண்ணைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் ராஜாங்கத்தோடு மல்லுக்கு நின்றார். சென்னை மாகாணச் சுகாதார கமிஷனர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். 1871 மக்கள்தொகைக் கணக்கின் அறிக்கையை எழுதியவரும் அவரே. 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1877 ஜனவரியில் நிலைமையைப் பார்வையிட சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்தார். இவர் கதை தனி. மூன்று வருஷத்துக்கு முன் பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி இறக்கி ஜனங்களைக் காப்பாற்றிவிட்டார். அதற்குக் கிடைத்தது பாராட்டு அல்ல, இவ்வளவு காசைக் கரைத்தாயே என்று வசவு. பட்டவர் திருந்திவிட்டார். சென்னைக்கு வந்து, நிவாரண வேலை செய்யும் ஆளுக்குத் தினம் ஒரு ராத்தல் தானியத்துக்கான கூலி போதும் என்றார். கல் உடைக்கிற உடம்புக்கு இது போதாது என்றார் கார்னிஷ். போதும் என்றார் டெம்பிள். இவர் அவர் சொல்லை மறுத்து அறிக்கை விட, அவர் இவருக்குப் பதில் விட, தபால் இலாகாவுக்கு நல்ல வருமானம். கார்னிஷ் முகாம்களின் சாவு எண்ணிக்கையை எடுத்து மேஜையில் போட்டார். சில மாதம் கழித்துத்தான் படி கொஞ்சம் ஏறியது. டெம்பிள் அதற்குப் பிறகு பம்பாய்க்குக் கவர்னரானார்.

பஞ்சத்தின்போது பதிவேடு படுத்தேவிட்டது. சாலையோரம் விழுந்தவனுக்கு எந்த ஊர் முனுசீப்பு பொறுப்பு? சேலம் ஜில்லாவில் 1871-ல் எண்ணப்பட்டவர்கள் ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-ல் மறுபடி எண்ணினால் 16 லட்சத்தைத் தொடவில்லை. செத்தவர்கள் போக, பிழைப்புத் தேடிப் போனவர்கள், பிறக்காமலே போனவர்கள் எல்லாம் அதில் சேர்த்தி. பதிவேட்டில் இல்லாத சாவைப் பத்து வருஷம் கழித்துக் கழித்தல் கணக்காகத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

இதெல்லாம் சமவெளிச் சமாசாரம். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயனில் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்பார்கள். நாடு சுதந்திரம் அடைந்தது, குடியரசானது, ஜமீன்தாரி ஒழிந்தது, மாநிலத்துக்குப் பெயரே மாறியது. மலையில் ஜாகீர் ஆட்சி மட்டும் நடந்துகொண்டே இருந்தது. 1976-ல் நெருக்கடி நிலைக் காலத்தில்தான் அரசு அதை முழுசாகக் கையில் எடுத்தது. நாடு முழுவதும் உரிமைகளைப் பறித்த ஒரு காலம், இந்த மலைக்கு மட்டும் எதையோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. சரித்திரத்துக்கும் சில சமயம் குசும்பு உண்டு. அதுவரை மலையில் தலையை எண்ணுவது என்றால் வரிக்கும் வெட்டி வேலைக்கும்தான். கைக்குழந்தை வரி கட்டாது, ஆகவே கைக்குழந்தை பிறக்கவில்லை. செத்துப்போனாலும் ஜாகீருக்கு நஷ்டமில்லை, ஆகவே அது சாகவும் இல்லை.

பதிவேடு இல்லாத இடத்தில் ஜனங்களே வேறு பதிவேடு வைத்திருந்தார்கள் என்பது நம் அதிகாரிகளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. மேலே காய்ச்சலில் போனாரே மண்ணாங்கட்டி, அந்தப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளைகள் அடுத்தடுத்துப் போன வீட்டில், அடுத்ததாவது தங்கட்டும் என்று மண்ணாங்கட்டி, குப்பன், குப்பம்மாள், பிச்சை என்று பெயர் வைப்பார்கள். குப்பையில் புரட்டி எடுத்தால் எமன் சீந்த மாட்டான் என்று கணக்கு. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பழைய வாக்காளர் பட்டியல் ஒன்றை எடுத்து எத்தனை குப்பன், எத்தனை மண்ணாங்கட்டி என்று எண்ணினால், சிசு மரண விகிதம் ஓரளவுக்குக் கையில் வந்துவிடும். எத்தனை போதும்பொண்ணு என்று எண்ணினால் வேறொரு விகிதமும் வரும். அதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

வயது விஷயத்தில் இன்னும் கூத்து. “தாது வருஷப் பஞ்சத்துல நான் கைக்குழந்த” என்று சொன்ன கிழவியிடம் கணக்கெடுப்பாளர் போய் வயது கேட்டால் அவர் என்ன செய்வார்? ஆளை ஏற இறங்கப் பார்த்து அறுபது என்று போடுவார். இந்தியாவின் பழைய கணக்கெடுப்புகளில் நாற்பது, ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் திருவிழாக் கூட்டம் மாதிரி நிற்பார்கள். நாற்பத்தேழு வயதில் ஆள் அரிது. இதைச் சரிக்கட்டவே மக்கள்தொகை நிபுணர்கள் சூத்திரங்கள் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் பள்ளிக்கூடம் வந்தது. பையனை வாத்தியார் முன்னால் நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். விரல் நுனி காதில் பட்டால் ஐந்து வயது பூர்த்தி. பிறந்த தேதி என்ன? அதை வாத்தியார் பார்த்துக்கொள்வார். பள்ளி திறப்பது ஜூன் மாதம், சேர்க்கைக்குத் தோதாக மே அல்லது ஜூனில் ஒரு தேதி. கை குட்டையான பையனுக்கு ஒரு வருஷம் தண்டம், ஆனால் ரிட்டயர் ஆகும்போது அந்த ஒரு வருஷச் சம்பளம் லாபம். இப்படியாகத் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே மே, ஜூன் மாதங்களில் பிறந்திருக்கிறது. வருங்கால ஆராய்ச்சியாளர் ஒருவர் இந்த ஏடுகளைப் பார்த்து ஒன்பது மாதம் பின்னோக்கி எண்ணினால் சரியாக ஆவணியில் வந்து நிற்பார். ஆடியில் புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புகிற வழக்கத்தையும் இதையும் முடிச்சுப்போட்டு அவர் டாக்டர் பட்டம் வாங்கிவிடக்கூடும். யாரும் குறுக்கே நிற்க வேண்டாம்.

1969-ல் மத்திய அரசு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. இன்றைய விதிப்படி 21 நாளுக்குள் சொல்ல வேண்டும், தாமதித்தால் கட்டணம், ஒரு வருஷம் கடந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை முனுசீப்பு, கர்ணம் பதவிகளை ஒரே வீச்சில் ஒழித்தது. திண்ணை போய், வி.ஏ.ஓ. வந்தார். மலைக்கும் வந்தார். மலையில் 21 நாள் என்பது மழை நின்று ஓடை வடிந்து இறங்கி வருவதற்கே சில சமயம் பற்றாது என்பது விதி எழுதியவருக்கு உறைக்கவில்லை.

தன் பதிவேட்டைத் தானே நம்பாத அரசு இன்னொரு ஏற்பாட்டையும் செய்துகொண்டது. மாதிரிப் பதிவுத் திட்டம் என்று பெயர். தேர்ந்தெடுத்த சில ஊர்களில் உள்ளூர் ஆள் ஒருவர் வருஷம் முழுக்கப் பிறப்பையும் இறப்பையும் எழுதிக்கொண்டே வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் வந்து முதல் ஆளின் நோட்டைப் பார்க்காமல் வீடு வீடாகத் தானே விசாரிப்பார். இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாததை மறுபடி போய்ப் பார்ப்பார்கள். யாரையும் நம்பாதே என்பதையே முறையாக்கிய ஒரே அரசுத் திட்டம் இது, அதனாலேயே உருப்பட்டது. அது சொல்வது: 1971-ல் தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் 113 இறந்தன. 2020-ல் 13. முன்னால் நின்ற ஒன்று விழுந்துவிட்டது. தடுப்பூசியும், கிராமத்து நர்ஸம்மாவும், ஆஸ்பத்திரிப் பிரசவமும் சேர்ந்து தள்ளியதில் விழுந்தது. இதில் கிண்டல் செய்ய எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த 13 மாநிலத்துக்குச் சொந்தம். மாவட்ட வாரியாக அந்தத் திட்டம் எண் தருவதில்லை. சென்னை மயிலாப்பூரும் கல்வராயன் மலையின் மணியார்பாளையமும் ஒரே 13-க்குள் குடித்தனம். சரி, மலைக்கு மட்டும் தனியாகப் போடலாமே என்றால், வருஷத்துக்கு இருபது குழந்தை பிறக்கிற ஒரு மலைக்கிராமத்தில் ஒரு குழந்தை இறந்தால் விகிதம் 50, அடுத்த வருஷம் ஒன்றும் இறக்காவிட்டால் பூஜ்யம். அமைச்சர் பூஜ்யம் வந்த வருஷத்தில்தான் வருவார்.

1990-களின் கடைசியில்தான் எதனால் செத்தார் என்ற கேள்வியை ஒழுங்காகக் கேட்டார்கள். டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் சேர்ந்து செய்த ஆய்வு. சென்னையில் 48,000, அப்போது கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கிய விழுப்புரம் மாவட்டத்தின் கிராமங்களில் 32,000, ஆக 80,000 பெரியவர்களின் சாவை வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். போனவர்கள் டாக்டர்கள் அல்ல, சில நாள் பயிற்சி பெற்ற பட்டதாரிகள். வீட்டார் சொல்வதை அரைப் பக்கம் எழுதிவந்தால், மருத்துவர்கள் படித்துக் காரணம் கணிப்பார்கள். வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று இதற்குப் பெயர். “நெஞ்ச அடைக்குதுன்னாரு தம்பி, கேஸுதான்னு சோடா வாங்கியாரச் சொன்னாரு, ஒடச்சு வாயில ஊத்தறதுக்குள்ள” என்று ஒரு அம்மா சொல்லும்போது, எந்த மாரடைப்பு நிபுணரும் அதைவிடத் தெளிவாக எழுத முடியாது. சென்னைப் பதிவேட்டில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இன்னதென்று தெரியாத காரணமாகக் கிடந்தது, பத்தில் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது. நூறு வருஷமாகக் காய்ச்சல் கட்டத்தில் வரிசையில் நின்ற மாரடைப்பும் காசநோயும் தங்கள் சொந்தப் பெயரில் வெளியே வந்தன.

விழுப்புரத்துக் கிராமங்களில் இன்னொன்றும் வெளியே வந்தது. தற்கொலை, அரசுக் கணக்கில் இருப்பதைப் போலப் பல மடங்கு. நம் பத்திரிகைகளில் யாரும் மனம் உடைந்து சாவதில்லை, எல்லாருக்கும் ‘தீராத வயிற்று வலி’. கடனும், குடியும், மாமியாரும், பூச்சிமருந்தும் அந்த வயிற்றுக்குள் இருக்கின்றன. ஆறு கட்டத்தில் இல்லாத ஏழாவது கட்டம் அது.

வயிறு என்றதும் 2024 ஜூன். கள்ளக்குறிச்சி நகரத்தில் கருணாபுரம். ஆட்கள் கண் தெரியவில்லை என்றும் வயிறு எரிகிறது என்றும் விழுந்தார்கள். முதல் சாவுகள் வந்தபோது மாவட்ட நிர்வாகம் தந்த விளக்கம், கள்ளச்சாராயம் என்று உறுதியாகவில்லை, வயிற்றுக் கோளாறு, வலிப்பு என்ற ரீதியில் இருந்தது. நூற்றாண்டு கடந்தும் திண்ணை காலியாகவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிலும் சிலர் அதே சரக்கைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. சாராயம் இல்லை என்று சொல்லிவிட்டார்களே, பிறகென்ன? அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மெத்தனால் என்று ஊர்ஜிதமாயிற்று. ஆட்சியர் மாற்றப்பட்டார், எஸ்.பி. பணியிடை நீக்கமானார். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அரசு அறிவித்தது. அந்தக் கையோடு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலையின் நிலைமை பற்றித் தானாக வழக்கை எடுத்துக்கொண்டு, சாலை இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா, ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் இருக்கின்றனவா என்று கேட்க ஆரம்பித்தது.

மலையில் இப்போது கர்ப்பம் தரித்ததுமே நர்ஸம்மா வந்து கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் போட்டுவிடுகிறார். அந்த எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியதுதான். ஜாகீர் காலத்தில் பிறந்தும் கணக்கில் வராத பிள்ளைக்கு, இன்று பிறப்பதற்கு முன்பே கணக்கு. கிளம்பும்போதும் விடுவதில்லை. வங்கிக்கு, பட்டா மாற்றத்துக்கு, விதவை பென்ஷனுக்கு எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் பெயர் இருக்கும், தேதி இருக்கும், இடம் இருக்கும். எதனால் என்பது மட்டும் இருக்காது. பதிவேட்டில் எழுதியிருந்தாலும், வெளியே கொடுக்கிற நகலில் சாவின் காரணத்தைக் காட்டக் கூடாது என்று 1969 சட்டத்தின் 17-வது பிரிவே சொல்கிறது.